லோ-கீ உருவப்படம்: ஒளியும் நிழலும்

படப்பரப்பின் பெரும்பகுதியை அடர்நிழலுக்கு விட்டுவிட்டு, முகத்தின் சில பகுதிகளை மட்டும் முழு வெளிச்சத்தில் காட்டும் ஸ்டுடியோ ஒளிப்பட முறைக்கு லோ-கீ என்று பெயர். ‘கீ’ என்பது ஓவியர்கள் இசையிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். ஒருவர் கீழ்ச்சுருதியில் பாடுவதைப் போல, இந்த வகைப் படத்தின் தொனிகள் கறுப்பை ஒட்டியே நிற்கும். வெண்மையை ஒட்டி நிற்கும் படம் ஹை-கீ எனப்படும். வெளிச்சத்தைக் குறைத்தால் லோ-கீ வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சிறந்த லோ-கீ படங்கள் இந்த எண்ணத்தை மறுக்கின்றன. அவற்றில் வெளிச்சம் குறைவதில்லை, வெளிச்சம் போகும் இடம்தான் குறைகிறது. நிழலின் வடிவம், விளிம்பு, அடர்த்தி மூன்றையும் ஒளிப்படக் கலைஞர் முன்கூட்டியே தீர்மானித்து உண்டாக்குகிறார். விளக்கு எட்டாமல் மிஞ்சிய இருட்டை அவர் படத்தில் அப்படியே விட்டுவைப்பதில்லை. நிழலும் செய்யப்பட வேண்டிய ஒன்று என்ற இந்தக் கருத்தை இம்முறையின் இயற்பியலும் வரலாறும், முகத்தை மனிதர்கள் அறிந்துகொள்ளும் விதமும் உறுதிப்படுத்துகின்றன.

இருட்டான படமும் லோ-கீ படமும்

ஒரு படம் இருட்டாக வர இரண்டு வழிகள் உண்டு. எக்ஸ்போஷர் போதாவிட்டால் நெற்றி, கன்னம், கண்ணின் வெள்ளை எல்லாம் சேர்ந்தே மங்கும். முகம் சாம்பல் பூத்துக் கிடக்கும். மாறாக, வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கினால், ஒரு கன்னம் தன் இயல்பான பிரகாசத்தோடு நிற்க, மறுகன்னம் மட்டும் இருளில் இறங்கும். லோ-கீ இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. ஸ்டுடியோவில் இந்த வித்தியாசத்தை விகிதமாகச் சொல்வார்கள். முதன்மை விளக்கான கீ லைட்டும் நிழலை இளக்கும் ஃபில் லைட்டும் சேர்ந்து விழும் பக்கம் ஒன்று. ஃபில் லைட் மட்டும் விழும் பக்கம் மற்றொன்று. இவற்றின் விகிதம் 2:1 என்றால் வித்தியாசம் 1 ஸ்டாப் (வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பாகும் அளவு), 4:1 என்றால் 2 ஸ்டாப், 8:1 என்றால் 3 ஸ்டாப். வழக்கமான குடும்பப் படங்களுக்கு 2:1 அல்லது 3:1 போதும். 8:1-ஐ எட்டும்போது நிழல் தனி உருவம் பெற்று லோ-கீயின் தன்மை தெரியத் தொடங்கும். ஃபில் லைட்டை முழுவதுமாக அணைத்துவிடுபவர்களும் உண்டு.

இரண்டு வகை இருட்டையும் பிரித்தறிய எளிய சோதனை, எடுத்த படத்தின் தொனிகள் கறுப்பிலிருந்து வெண்மை வரை இடமிருந்து வலமாக எப்படிப் பரவியுள்ளன என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்ப்பது. எக்ஸ்போஷர் போதாத படத்தில் வரைபடம் முழுவதும் இடப்பக்கத்திலேயே முடிந்துவிடும். லோ-கீ படத்திலும் பெரும்பகுதி இடப்பக்கத்தில்தான் குவியும். ஆனால் அங்கிருந்து ஒரு மெல்லிய வால் வலப்பக்கம் வரை நீளும். அந்த வால்தான் முகம். கேமராவின் தானியங்கி மீட்டருக்கு இது புரியாது. எதிரே உள்ள காட்சி சராசரியாக 18 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும் இடைச்சாம்பல் என்று வைத்துக்கொண்டே அது கணக்குப் போடும். கறுப்புத் திரையும் கறுப்புக் கோட்டும் சட்டத்தை நிறைத்திருந்தால், அவற்றைச் சாம்பலாக்கப் பார்த்து முகத்தை வெளுக்க வைத்துவிடும். அதனால்தான் முகத்தருகே பிடித்து, அங்கே விழும் வெளிச்சத்தையே அளக்கும் கைமீட்டரை இந்தத் துறையினர் நம்புகிறார்கள். இருளுக்குள்ளும் படிகள் உண்டு. ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்கில் வகுத்த மண்டல முறையில், மண்டலம் 0 எதுவும் தெரியாத முழுக்கறுப்பு. மண்டலம் 3 துணியின் நெசவும் முடியின் இழையும் தெரியும் இருள். கோட்டு எந்த மண்டலத்தில் விழ வேண்டும், பின்சுவர் எதில் விழ வேண்டும் என்று பிரித்து முடிவுசெய்யும்போதுதான் ஒரு படம் லோ-கீ என்ற பெயருக்கு உரியதாகிறது.

ஜன்னலும் கறுப்புத் துணியும்

ஒரே திசையிலிருந்து வரும் ஒளியில் முகத்தை இருளிலிருந்து எழச்செய்யும் வழக்கம் ஒளிப்படத்தை விட மூத்தது. 1600-ஐ ஒட்டிக் காரவாஜோ ரோமில் வரைந்த ஓவியங்களிலும், பின்னர் ரெம்பிராண்டின் உருவப்படங்களிலும் அது முதிர்ந்த நிலையில் இருக்கிறது. கேமராவில் அதைத் துணிந்து கையாண்டவர்களில் முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்தவர் அவர். கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்து, அங்குள்ள மக்களையும் படம் எடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார். 1867-இல் அவர் எடுத்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் படம் இந்த முறையின் இலக்கணத்தை ஏறக்குறைய முழுமையாகக் காட்டுகிறது. ஹெர்ஷலின் வெண்முடி ஒளியை வாங்கிக்கொள்ளும்படி அதைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார். உடலைக் கறுப்புத் துணியால் போர்த்தினார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்து நெற்றிச் சுருக்கங்களிலும் கண்ணின் ஈரத்திலும் முடியின் விளிம்பிலும் தங்குகிறது; மற்றதெல்லாம் இருளோடு கலந்துவிடுகிறது. அந்தக் காலத்துக் கொலோடியன் தகட்டுக்கு ஒளி ஏராளமாக வேண்டும். அவருடைய படங்களுக்கு எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. ஒளி அவ்வளவு அரிதாக இருந்த நிலையில் அதன் பெரும்பகுதியைத் துணியால் மறைத்தவர், நிழலைத் தெரிந்தேதான் தேர்ந்தார்.

1870-களில் நியூயார்க்கின் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் கர்ட்ஸ் ‘ரெம்பிராண்ட்’ பாணி உருவப்படங்களுக்குப் பெயர்பெற்றிருந்தார். அதே பெயர் திரைத்துறைக்கும் வந்தது. 1915-இல் வெளியான ‘தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா’வில் நடிகர்களின் முகம் பாதிதான் தெரிகிறது என்று வணிகத் தரப்பு குறைப்பட்டதாகவும், அது ரெம்பிராண்ட் ஒளியமைப்பு என்று தாம் பதில் சொன்னதாகவும் இயக்குநர் செசில் பி. டெமில் பின்னாளில் சொல்லிவந்தார். 1930-களில் ஜார்ஜ் ஹரெல் ஹாலிவுட் நட்சத்திரங்களைப் படமெடுத்தபோது, கைபோல் நீளும் தாங்கியில் விளக்கைத் தொங்கவிட்டு, முகத்துக்கு மேல் எங்கு வேண்டுமோ அங்கே கொண்டுவந்தார். கூரைச் சாளரத்துக்கும் பக்கவாட்டு ஜன்னலுக்கும் கட்டுப்பட்டிருந்த நிழல், இப்படிக் கலைஞரின் கைக்கு வந்துசேர்ந்தது.

ஒட்டாவா, 1941

இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற லோ-கீ உருவப்படம் யூசுஃப் கர்ஷ் எடுத்த பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் படம். கர்ஷ் 1908-இல் ஒட்டோமான் பேரரசின் மார்தீன் நகரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் கனடாவுக்கு வந்தவர். பாஸ்டனில் ஜான் காரோவிடம் தொழில் கற்றார். காரோ இயற்கை ஒளியில் வேலை செய்தவர். ஒட்டாவாவில் ஸ்டுடியோ தொடங்கிய பிறகு, அவ்வூர் நாடகக் குழுவோடு பழகியபோதுதான் மேடை விளக்குகளின் ஆற்றலைக் கர்ஷ் கண்டுகொண்டார். 1941 டிசம்பர் 30 அன்று கனடிய நாடாளுமன்றத்தில் சர்ச்சில் உரையாற்றினார். அதற்கு முந்தைய இரவே சபாநாயகரின் அறையில் கர்ஷ் தன் விளக்குகளையும் பெரிய கேமராவையும் நிறுத்திவைத்திருந்தார். உரை முடிந்து வந்த சர்ச்சில் சுருட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. கர்ஷ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை உருவி எடுத்தார். சர்ச்சிலின் முகம் கடுத்த அந்தக் கணத்தில் கேமரா இயங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாகச் சுருட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு முந்தைய இரவின் வேலையும் தெரியும். சட்டத்தில் ஒளிபெறுபவை முகமும் கைகளும்தான். ஒரு கை நாற்காலியைப் பற்றியிருக்கிறது, மற்றொன்று இடுப்பில் ஊன்றியிருக்கிறது. பருத்த உடலின் கறுப்புக் கோட்டு, மரப்பலகைச் சுவரின் இருளோடு கிட்டத்தட்ட ஒன்றாகிறது. ஆனாலும் தோளின் கோடு தொலைந்துபோகவில்லை. முகத்திலிருந்து இறங்கும் கண், கோட்டின் இருளைக் கடந்து நேராகக் கைகளுக்குப் போகிறது. அன்று கர்ஷ் இன்னொரு படமும் எடுத்தார். அதே நாள், அதே அறை. அதில் சர்ச்சில் புன்னகைக்கிறார், கனிந்த பெரியவராகத் தெரிகிறார். லோ-கீ என்றாலே சோகம் அல்லது மிரட்டல் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரட்டைப் படமே மறுமொழி. நிழல் எந்த உணர்ச்சியையும் தானாகச் சுமத்துவதில்லை. முகத்தில் எது இருக்கிறதோ அதைச் சுற்றியுள்ள பேச்சையெல்லாம் அடக்கிவைக்கிறது. சபாநாயகரின் அறை ஸ்டுடியோ அல்லவே என்று கேட்கலாம். ஒளி எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று ஒருவரே முடிவுசெய்யும் இடம் எதுவும் ஸ்டுடியோதான்.

தூரமும் தடுப்பும்

நிழலை உண்டாக்கும் முதல் கருவி தூரம். சிறிய விளக்கிலிருந்து விழும் வெளிச்சம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் 2 மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். முகம் விளக்கிலிருந்து 1 மீட்டரிலும் பின்சுவர் 4 மீட்டரிலும் இருந்தால், சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் 16-இல் ஒரு பங்கு, அதாவது 4 ஸ்டாப் குறைவு. சுவர் 90 சதவீத ஒளியைத் திருப்பும் வெள்ளைச் சுவராகவே இருந்தாலும், படத்தில் அது 5.6 சதவீதம் மட்டுமே திருப்பும் கருஞ்சாம்பல் பரப்பைப் போலத்தான் பதியும். விளக்கை முகத்துக்கு அரை மீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்து, சுவரை 4 மீட்டரிலேயே வைத்தால், பங்கு 64-இல் ஒன்றாகிறது. வெள்ளைச் சுவர் 1.4 சதவீதத்துக்கு இறங்கி ஏறக்குறையக் கறுப்பாகிவிடும். படத்தில் காணும் கறுப்பு துணியின் நிறத்தால் மட்டும் வருவதில்லை, இடைவெளியாலும் வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. முகத்துக்குள்ளும் இதே விதி வேலை செய்யும். விளக்கு கன்னத்திலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால், 15 சென்டிமீட்டர் பின்னால் உள்ள காது முக்கால் ஸ்டாப் மங்கும். விளக்கை 2 மீட்டர் தள்ளினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெட்டியான சாஃப்ட்பாக்ஸில் பெரியதொன்றை மிக நெருக்கமாக வைக்கும்போது ஒளி இந்த விதியைவிடச் சற்று மெதுவாகத் தேயும். ஆனாலும் போக்கு இதுவே.

இரண்டாவது கருவி தடுப்பு. வெள்ளையடித்த சிறிய அறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றினாலும் நிழல் கறுக்காது. சுவரும் கூரையும் தரையும் ஒளியை வாங்கி முகத்தின் மறுபக்கத்துக்கு அனுப்பிவிடும். அப்போது விளக்கை மங்கச் செய்வதில் பயன் இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்தே மங்கும், விகிதம் மாறாது. நிழல் பக்கக் கன்னத்துக்கு அருகே ஒரு கறுப்புத் துணியையோ, கறுப்புத் தாள் ஒட்டிய தெர்மாகோல் பலகையையோ நிறுத்த வேண்டும். அது சுவரிலிருந்து திரும்பும் ஒளியை விழுங்கிவிடும். தாடைக்கோடு உடனே கூர்மையடையும். விளக்கின் முகப்பில் தேன்கூடு போன்ற கிரிட் பொருத்தினால் ஒளி பக்கவாட்டில் சிதறாது. ஸ்னூட் அதைக் குழாய்க்குள் அடைத்து வட்டமாக்கும். கட்டர் எனப்படும் கறுப்புப் பலகை, சட்டைமீது விழும் ஒளியை வெட்டி முகத்தில் மட்டும் விடும். ஃபிளாஷ் பயன்படுத்துகிறவர் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப் 8 என்று வைத்தால், சாதாரண வீட்டறையின் விளக்கு வெளிச்சம் படத்தில் பதியவே பதியாது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒளியைக் கூட்டுபவை அல்ல, கழிப்பவை என்பது கவனிக்கத்தக்கது.

நிழலின் விளிம்பைத் தீர்மானிப்பது, முகத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது. 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் அதே அளவு தூரத்தில் இருந்தால், மூக்கின் நிழல் கன்னத்தில் மெல்லக் கரையும். அதையே 3 மீட்டர் தள்ளினால் அது சிறிய விளக்காகி, நிழல் கத்தரித்ததுபோல் வரும். இருளின் ஆழம் வேறு, விளிம்பின் கூர்மை வேறு. கடுமையான விகிதத்தோடு மென்மையான விளிம்பையும் சேர்க்கலாம். லோ-கீ உருவப்படங்களின் அழகு பலசமயம் இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

முகத்தில் விழும் கோலம்

விளக்கைப் பக்கவாட்டில் சுமார் 45 பாகை நகர்த்தி, கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தினால், மூக்கின் நிழல் கீழிறங்கிக் கன்னத்து நிழலோடு சேரும். நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சிறிய ஒளிமுக்கோணம் ஒன்று மிஞ்சும். இதுவே ரெம்பிராண்ட் ஒளியமைப்பு. அந்த முக்கோணம் கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக்கூடாது என்பது தொழில்மரபு. விளக்கை இன்னும் பக்கத்துக்குக் கொண்டுபோனால் முக்கோணம் மறைந்து, முகம் நடுவே இரண்டாகப் பிரியும். முகம் சற்றே திரும்பியிருக்கும்போது, கேமராவுக்கு அப்பால் உள்ள குறுகிய பக்கத்தில் ஒளியை விழச்செய்து, நம்மை நோக்கிய அகன்ற பக்கத்தை நிழலில் விடுவது லோ-கீயில் பெரிதும் விரும்பப்படும் அமைப்பு. நிழல் நமக்கு அருகில் இருப்பதால் கன்ன எலும்பின் வளைவு முழுவதும் தெரியும். இவை எல்லாவற்றிலும் கைவிடக்கூடாத சிறு புள்ளி ஒன்று உண்டு. கருவிழியில் விளக்கின் பிம்பமாக விழும் ஒளிப்பொட்டு அது. அது இல்லாவிட்டால் எவ்வளவு நேர்த்தியான நிழலிலும் முகம் உயிரற்றுப்போகும். முடியைப் பின்னணியிலிருந்து பிரிக்க, பின்னாலிருந்து மெல்லிய ரிம் லைட் ஒன்றைச் சேர்ப்பதும் வழக்கம்.

பார்ப்பவரின் பங்கு

பாதி மறைந்த முகம் ஏன் முழுமுகமாகத் தோன்றுகிறது? தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. மேற்பகுதி வெளுத்து, கீழ்ப்பகுதி கறுத்த வட்டத்தைப் பார்ப்பவர்கள் அதைப் புடைப்பாகக் கண்டார்கள். தலைகீழாக்கினால் அதுவே குழியாகத் தெரிந்தது. ஒளி மேலிருந்து வருகிறது, காட்சி முழுவதற்கும் ஒரே ஒளிமூலம்தான் உண்டு என்ற இரண்டு எதிர்பார்ப்புகளோடு மூளை நிழலைப் படிக்கிறது என்பது அவருடைய முடிவு. கீ லைட் ஒன்றாகவும் உயரத்திலும் இருக்க வேண்டும் என்ற ஸ்டுடியோ விதி இந்த எதிர்பார்ப்போடு பொருந்துகிறது. சம வலிமையுள்ள இரண்டு விளக்குகள் மூக்கின் இருபுறமும் இரண்டு நிழல்களைப் போட்டால் முகம் குழம்பித் தெரிவதற்கும் இது காரணமாகலாம். அதற்கும் முன்னதாக, 1957-இல் கனடிய உளவியலாளர் கிரெய்க் மூனி, இடைச்சாம்பலே இல்லாமல் கறுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமாகச் சுருக்கிய முகப்படங்களைப் பயன்படுத்தி ஆய்வு செய்தார். பெரும்பாலான பெரியவர்கள் அவற்றில் முகத்தை உடனே கண்டுகொள்கிறார்கள். தலைகீழாகக் காட்டினால் திணறுகிறார்கள். இருளுக்குள் இல்லாத காதையும் தாடையையும் மனம் தானாக வரைந்து முடிக்கிறது. எந்தப் பகுதியை மனத்திடம் ஒப்படைக்கலாம் என்று தேர்வதே ஒளிப்படக் கலைஞரின் பொறுப்பு. இடம் தவறிய நிழல் வெறும் திட்டாகிவிடும். சரியான இடத்தில் விழுந்தால் மட்டுமே மனம் அதை முகமாக நிறைத்துக்கொள்ளும்.

மறுப்புகளும் விடைகளும்

எல்லாவற்றையும் கணினியிலேயே இருட்டாக்கிக்கொள்ளலாமே என்பது முதல் மறுப்பு. பின்னணியை இருட்டாக்குவது இன்று உண்மையிலேயே எளிது. 2017 முதல் ஐபோனில் மேடை விளக்குப் பாணியில் பின்புலத்தைக் கறுப்பாக்கும் வசதி இருக்கிறது. ஆனால் மேகமூட்டமான பகலில் எடுத்த முகத்தைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால், முகத்தின் இரு பக்கமும் ஒரே அளவில் ஒளிர்ந்து, கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். மூக்கின் நிழல், கருவிழியின் பொட்டு, தாடைக்கோடு மூன்றும் ஒரே விளக்குக்குச் சாட்சி சொல்ல வேண்டும். மென்பொருள் ஒருநாள் இந்த மூன்றையும் பிழையின்றிப் போட்டுத் தரலாம். அப்போதும் எங்கே போட வேண்டும் என்பதை ஒருவர் தீர்மானித்தே ஆக வேண்டும். கருவி மாறினாலும் நிழல் ஒரு தீர்மானமாகவே இருக்கும்.

முகத்தை மறைப்பது மனிதரை மறைப்பதாகும் என்பது இரண்டாவது மறுப்பு. ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் வெள்ளைத் தாளின் முன்னே, பரவலான நிழலொளியில் நிறுத்தி எடுத்த படங்களை இதற்கு ஆதாரமாகக் காட்டலாம். அவற்றில் எதுவும் மறைக்கப்படவில்லை. ஒவ்வொரு கறையும் தழும்பும் தெரிகிறது. அந்தப் படங்களின் நேர்மையை மறுக்க முடியாது. ஆனால் அவெடனும் தேர்வுதான் செய்தார். அந்த மனிதர்கள் நின்ற நிலத்தையும் வீட்டையும் தெருவையும் வெண்மையால் அழித்தார். லோ-கீ அதே வேலையைக் கறுப்பால் செய்கிறது. வெண்மை ஒருவரை முன்னே தள்ளிக் காட்டுகிறது, கறுப்பு அவரைத் தம் இடத்திலேயே இருக்கவிட்டு நம்மை அருகே அழைக்கிறது. ஒன்று உண்மை, மற்றது ஒப்பனை என்று சொல்ல இடமில்லை.

மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது: கறுத்த தோல் உடையவர்களை இந்த முறை இருளில் புதைத்துவிடும் என்பது. இந்த அச்சத்துக்கு வரலாறு காரணம் தந்திருக்கிறது. வண்ண ஒளிப்படங்களை அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பல பத்தாண்டுகள் பயன்படுத்திய ‘ஷெர்லி கார்டு’களில் இருந்தவை வெள்ளைப் பெண்களின் படங்கள். வெளுத்த தோலை மையமாக வைத்து ஒளியமைக்கப் பழகியவர், கறுத்த முகத்துக்கும் அதையே செய்தால் முகம் காணாமல் போவது உறுதி. ஆனால் தவறு நிழலுடையது அன்று, அளவுகோலுடையது. தோலிலிருந்து வரும் ஒளி இரண்டு வகை. தோலுக்குள் புகுந்து வெளிவரும் ஒளியை மெலனின் குறைத்துவிடும். மேற்பரப்பில் பட்டு நேரே தெறிக்கும் 4 அல்லது 5 சதவீத ஒளியை மெலனின் தொடுவதில்லை. அதனால் வெளுத்த தோல் நிறத்தால் வடிவம் பெறுகிறது என்றால், கறுத்த தோல் மினுக்கத்தால் வடிவம் பெறுகிறது. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னாலும் வைத்து, அதன் பிம்பம் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்குத்தண்டிலும் நீளக் கோடாக ஓடும்படி செய்தால், கறுத்த முகத்தின் ஒவ்வொரு தளமும் செதுக்கியதுபோல் எழும். பவுடர் பூசி அந்த மினுக்கத்தைக் கொன்றுவிடக்கூடாது. கறுப்பு முடி கறுப்புத் திரையில் கரையாமல் இருக்க, திரையைக் கருஞ்சாம்பலாக்கலாம் அல்லது ரிம் லைட்டைக் கொஞ்சம் கூட்டலாம். ஸ்டுடியோவுக்கு வெளியே, கிடைத்த வெளிச்சத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்களைப் படமெடுத்த ராய் டெகராவா, அவர்களுடைய முகங்களை வலிந்து வெளுக்கச் செய்யாமல் ஆழ்ந்த சாம்பல்களிலேயே அச்சிட்டார். அந்த இருளுக்குள் அத்தனை படிகள் தெரிகின்றன. கறுத்த முகத்தை வெளுக்கவைத்துத்தான் அழகாகக் காட்ட முடியும் என்ற பழைய எண்ணத்துக்கு லோ-கீ சரியாகச் செய்யப்படும்போது இடமே இல்லை. முகத்தின் நிறம் தன் ஆழத்திலேயே நிற்கும். கன்னத்தில் ஓடும் அந்த ஒற்றை ஒளிக்கோடு, அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை முழுமையாகச் சொல்லிவிடும்.